அண்ணன் கல்பாக்கத்தில் இருந்தால் கிளியரன்ஸ் கிடைக்காதா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 41. 2006இல் முதுகலை படிக்க அமெரிக்கா வந்தேன். 2016இல் கிரீன் கார்டு, 2022இல் குடியுரிமை. வர்ஜீனியாவில் சாஃப்ட்வேர் வேலை, சொந்த வீடு. மனைவி இன்னும் கிரீன் கார்டில்தான் இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்தவர்கள். பாதுகாப்புத் துறைக்கு ஒப்பந்த வேலை செய்யும் ஒரு நிறுவனம் என்னை எடுக்கத் தயாராக இருக்கிறது, ஆனால் சீக்ரெட் கிளியரன்ஸ், அதாவது அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளப் பாதுகாப்பு அனுமதி, வாங்கியாக வேண்டும்.

சிக்கல் என் குடும்பம். அப்பா மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் வாங்குகிறார். அண்ணன் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானி. மாமனார் ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். அம்மாவிடம் தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறேன், அண்ணனிடம் வாரம் ஒரு முறை. மாதம் 400 டாலர் வீட்டுக்கு அனுப்புகிறேன். அப்பாவும் நானும் சேர்ந்து ஒரு வங்கிக் கணக்கு வைத்திருக்கிறோம். இரண்டு ஏக்கர் நஞ்சையை என் பெயருக்கு எழுதி வைக்கப் போவதாக அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணன் பேரைப் போட்டாலே போச்சு" என்கிறார் ஒரு நண்பர். "ஓசிஐ கார்டைத் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) திருப்பிக் கொடு" என்கிறார் இன்னொருவர். படிவத்தில் அண்ணனிடம் வருடத்துக்கு ஓரிரு முறை பேசுவதாகப் போடலாமா? கொஞ்ச நாள் பேசாமலே இருந்துவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாமா? இப்போதைய வேலையை எப்போது விடலாம்? கிளியரன்ஸ் கிடைக்குமா, கிடைக்காதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அண்ணனோ, அவர் வேலை பார்க்கும் இடமோ இல்லை. "வருடத்துக்கு ஓரிரு முறை என்று போடலாமா" என்ற அந்த ஒரு வரிதான். மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது வழி இருக்கிறது. அதற்கு மட்டும் இல்லை.

கிளியரன்ஸுக்காக நீங்கள் நிரப்ப வேண்டிய எஸ்எஃப் 86 படிவத்தில் ஒவ்வொரு வெளிநாட்டு உறவினருக்கும் எதிரே எப்படித் தொடர்பு கொள்கிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேட்பார்கள். தினமும், வாரம், மாதம், காலாண்டு, ஆண்டு என்று தேர்வுகள் இருக்கும். அங்கே கை கொஞ்சம் கீழே இறங்கத் துடிக்கும். இறக்காதீர்கள். வெளிநாட்டு உறவுகள் இருந்தால் பெரும்பாலும் புலனாய்வாளர் நேரில் உட்கார்ந்து பேசுவார். "அண்ணன் பையனுக்கு என்ன வயது? கடைசியாக அவருடன் என்ன பேசினீர்கள்? அப்பாவை ஆஸ்பத்திரிக்கு யார் அழைத்துப் போகிறார்கள்?" என்று சாதாரணமாகத்தான் கேட்பார். அண்ணனைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் அவரிடம் வருடத்துக்கு இரண்டு முறைதான் பேசுகிறார் என்றால் யார் நம்புவார்கள்? என்னிடம் வந்த ஒருவர், தங்கையுடன் காலாண்டுக்கு ஒரு முறை பேசுவதாக எழுதியிருந்தார். நேர்காணலில் தங்கை கணவரின் அறுவை சிகிச்சையைப் பற்றி நாள் வாரியாகச் சொல்லிவிட்டார். அந்தத் தங்கை ஒரு பள்ளி ஆசிரியை. அவரால் இவருக்கு எந்தப் பிரச்சினையும் வந்திருக்காது. பிரச்சினை வந்தது இவர் எழுதிய அந்த ஒரு சொல்லால்.

காரணம் இதுதான். அமெரிக்க அரசு கிளியரன்ஸை 13 தலைப்புகளில் எடை போடுகிறது. 2017 ஜூன் 8 முதல் எல்லாத் துறைகளுக்கும் அந்த ஒரே விதித்தொகுப்புதான். அதில் 'பி' என்பது வெளிநாட்டுச் செல்வாக்கு. உங்கள் குடும்பம் அதில் வரும். 'ஈ' என்பது தனிப்பட்ட நடத்தை. பொய், மறைப்பு எல்லாம் அதில் வரும். 'பி'யில் வரும் சங்கடத்தைப் பேசித் தீர்க்கலாம். யாரும் அம்மா அப்பாவைத் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை என்பது தீர்ப்பு எழுதுகிறவருக்கும் தெரியும். 'ஈ'யில் வருவது நீங்களே தேர்ந்தெடுத்தது. அதோடு, படிவத்தில் தெரிந்தே பொய் சொல்வது ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய கூட்டாட்சிக் குற்றம்.

கொஞ்ச நாள் பேசாமல் இருந்துவிட்டு விண்ணப்பிப்பதும் இதற்குத் தம்பிதான். அம்மாவிடம் தினமும் பேசியவர் வேலை விண்ணப்பத்துக்கு முந்தைய மாதம் திடீரென்று நிறுத்தினால் பாசம் குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். தவிர, பெற்றோர், உடன்பிறந்தோர் உறவு சாதாரணப் பழக்கம் அல்ல என்றுதான் தீர்ப்பாளர்கள் ஆரம்பத்திலேயே எடுத்துக்கொள்கிறார்கள். ஆறு மாதம் பேசாவிட்டாலும் அவர் உங்கள் அண்ணன்தான். எதற்கு வீணாக அம்மாவை அழ வைக்க வேண்டும்?

சரி, அவர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்? "உனக்கு இந்தியா பிடிக்குமா" என்பதை அல்ல. நாளைக்கு யாராவது, அது ஒரு அரசாங்கமாக இருக்கலாம், உளவு அமைப்பாக இருக்கலாம், ஆயுதக் கும்பலாக இருக்கலாம், உங்கள் அண்ணனையோ அம்மாவையோ காட்டி உங்களை நெருக்கினால் என்ன செய்வீர்கள்? அந்த மாதிரி நெருக்கடி வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? விதியின் சாரம் இது. உறவு இருப்பதே குறை என்று எங்கும் எழுதவில்லை. அந்த உறவால் 'கூடுதல் அபாயம்' உண்டா என்பதுதான் கேள்வி.

ஆனால் இதில் உங்களுக்குச் சாதகமில்லாத ஒரு விஷயம் இருக்கிறது. இது குற்றவியல் நீதிமன்றம் அல்ல. சந்தேகத்தின் பலன் உங்களுக்குக் கிடைக்காது, நாட்டின் பாதுகாப்புக்குத்தான் போகும். கிளியரன்ஸ் பெறும் உரிமை என்று எவருக்கும் ஒன்று இல்லை என்று 1988இல் ஈகன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அபாயம் இல்லை என்று காட்டும் வேலை உங்களுடையது. "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கோபத்தோடு போகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நீங்கள் தப்பு செய்ததாக யாரும் சொல்லவே இல்லை.

இப்போது ஆள் ஆளாகப் பார்ப்போம். அம்மா, அப்பா விஷயத்தில் எனக்குப் பெரிய பயமில்லை. அப்பாவின் பென்ஷன் அரசாங்கப் பணம் என்பதால் கேள்வி வரும். ஓய்வு பெற்று எத்தனை ஆண்டு, எந்தத் துறை, எந்தப் பதவி, ரகசியத் தொடர்புள்ள வேலையா என்று எழுதிவிட்டால் போதும். மாமனாரையும் விட்டுவிடாதீர்கள். மனைவியின் நெருங்கிய குடும்பத்தோடு உங்களுக்கும் பாசமும் கடமையும் உண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு சின்ன நுணுக்கம்: படிவத்தின் 18ஆம் பகுதியில் மாமனார், மாமியார் வருவார்கள், மச்சினன், மச்சினி அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அவர்களை எழுத வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். உங்களுக்கோ உங்கள் மனைவிக்கோ அவர்களோடு நெருக்கம் இருந்தால் 19ஆம் பகுதியில் அவர்கள் வந்தாக வேண்டும்.

அந்த 19ஆம் பகுதி வேறு ஒரு தலைவலி. கடந்த ஏழு ஆண்டுகளில் பாசம், செல்வாக்கு, பொது ஆர்வம், கடமை இவற்றில் ஏதோ ஒன்றால் பிணைந்த, நெருக்கமான அல்லது தொடர்ந்த பழக்கமுள்ள வெளிநாட்டவர் யார் யார் என்று கேட்கும். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தனை பேரையும் எழுத வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். குழுவில் வணக்கம் போடுகிறவர் வேறு, தனியாகப் பேசுகிறவர் வேறு. ஊரில் அப்பாவுக்கு நடுராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் யாருக்கு போன் செய்வீர்கள் என்று யோசியுங்கள். முதலில் மனதில் வருகிற பெயர்கள் கட்டாயம் படிவத்தில் இருக்க வேண்டும்.

அண்ணன் விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குவோம். உங்கள் நண்பர் சொல்வது முழுப் பொய் அல்ல. ஒரு வெளிநாட்டு அரசின் அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்ப்பவர் உங்கள் உடன்பிறந்தவர் என்றால், கோப்பைப் படிப்பவர் அந்த வரியில் பென்சிலை நிறுத்துவார். அண்ணன் அங்கே கணக்குப் பிரிவில் இருந்தால் ஒரு மாதிரி, உலை வடிவமைப்பில் இருந்தால் வேறு மாதிரி. உங்கள் புதிய வேலை எதைப் பற்றியது என்பதும் கணக்கில் வரும். படைக்குச் சம்பளப் பட்டியல் மென்பொருள் எழுதுவதும் ஏவுகணைக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுவதும் ஒன்றாகாது.

உங்கள் பக்கம் பேசக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது. அமெரிக்க வர்த்தகத் துறை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்காக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கல்பாக்கம் மையம் பல ஆண்டுகளாக அதில் இருந்தது. 2025 ஜனவரியில் அந்த மையத்தையும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தையும் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். இதனால் கிளியரன்ஸ் கிடைத்துவிடும் என்று அர்த்தமில்லை. அந்தப் பட்டியலுக்கும் உங்கள் கோப்புக்கும் நேரடி முடிச்சு கிடையாது. ஆனால் நிறுவனத்தின் பெயரே ஒரு கறுப்புப் புள்ளி என்று யாராவது வாதிட்டால் பதில் சொல்ல இது உதவும்.

அண்ணனைப் பற்றி முழுப்பெயர், நிறுவனம், பதவி, எந்த ஆண்டில் இருந்து என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பதவியைச் சுருக்கி "அரசு ஊழியர்" என்று பூசி மெழுகாதீர்கள். அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். முக்கியமாக, படிவத்தை நிரப்புவதற்காக அவருடைய வேலையைத் துருவாதீர்கள். விலாசமும் பதவியும் போதும். இனிமேலும் அவர் வேலை அவரோடு, உங்கள் வேலை உங்களோடு. "இந்தக் கட்டுரையைப் பாரேன், புரியுதா" என்று கோப்பு அனுப்பும் பழக்கம் இருவருக்கும் வேண்டாம். குடும்பம், பிள்ளைகள், அப்பாவின் சர்க்கரை என்று பேச விஷயமா இல்லை? அண்ணனும் அரசு விதிகளுக்கு உட்பட்டவர். தம்பியின் வேலையைப் பற்றித் தன் அலுவலகத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும். அவருக்குத் தெரியாமல் நீங்கள் எதையும் ஏற்பாடு செய்யாமல் இருந்தால் சரி.

இந்தியா நட்பு நாடுதானே, பிறகென்ன என்று சிலர் கேட்பார்கள். சீனா, ரஷ்யா, ஈரானில் உறவுகள் உள்ளவர்களுக்குச் சுமை மிக அதிகம். உங்களுக்கு அந்த அளவு இல்லை. ஆனால் நட்பு நாடு என்பதால் கோப்பு மூடப்படாது. கடற்படை உளவுப் பிரிவில் இருந்த ஜோனாதன் பொலார்ட் 1985இல் கைதானது இஸ்ரேலுக்குத் தகவல் கொடுத்ததற்காக. அதைவிட நெருக்கமான நட்பு நாடு எது? உங்கள் கோப்பு நீதிபதி முன் விசாரணை வரை போனால், அங்கே அரசு வழக்கறிஞர் அந்தந்த நாட்டைப் பற்றிய அரசு அறிக்கைகளைக் கட்டாக வைப்பார். பயங்கரவாதத் தாக்குதல்கள், மனித உரிமை, தொழில்நுட்ப உளவு என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு இந்தியாவுக்காக வாதாட ஆரம்பிக்காதீர்கள். அது உங்கள் வழக்கு அல்ல. நிறைய நல்ல மனிதர்கள் அந்த இடத்தில் உணர்ச்சிவசப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு ஒரு இடைச்செருகல். விடுதலைப் புலிகள் அமைப்பு 1997 முதல் அமெரிக்காவின் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் இருக்கிறது. எந்தக் காலத்திலோ கொடுத்த நன்கொடை, அங்கே இருந்த உறவினர் என்று ஏதாவது இருந்தால் படிவத்தைத் தொடும் முன்பே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அது தனிக் கதை.

மறுபடி உங்களுக்கு வருவோம். தராசில் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. விதியே சொல்கிறது: இந்த நாட்டோடு ஆழமான, நெடுநாள் உறவு இருந்து, முரண்பாடு வந்தால் அமெரிக்காவின் பக்கமே நிற்பார் என்று நம்ப முடிந்தால் அது உங்களுக்குச் சாதகம். கிட்டத்தட்ட இருபது ஆண்டு இங்கே வாழ்கிறீர்கள். பிள்ளைகள் இந்த நாட்டுக் குடிமக்கள். வீடு, 401கே ஓய்வுக்காலச் சேமிப்பு, வரி, தேர்தலில் போட்ட வாக்கு, பள்ளியில் செய்யும் தன்னார்வ வேலை, மேலாளர் தரும் சான்று, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் வார்த்தை எல்லாமே எடை. நம் ஆட்களுக்கு இதைச் சொல்லக் கூச்சம். தற்பெருமை என்று நினைக்கிறோம். இங்கே அது சான்று. காகிதமாகத் திரட்டி வையுங்கள்.

சொத்துக் கணக்கும் விகிதத்தில்தான் பார்க்கப்படும். இங்கே உள்ள உங்கள் மொத்தச் சொத்தில் இந்தியாவில் இருப்பது சிறு பங்கு என்றால், அதைக் காட்டி யாரும் உங்களை வளைக்க முடியாது என்று வாதிடலாம். அதற்கு இரண்டு பக்கத்துக்கும் டாலரில் மதிப்பு தேவை.

அந்த நஞ்சை விஷயத்தில் அப்பாவை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கிளியரன்ஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்திய அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற ஓசிஐக்காரர் விவசாய நிலத்தை வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. வாரிசாக அடைவது மட்டும் செல்லும். அப்பா உயிரோடு இருக்கும்போது தான செட்டில்மென்ட் எழுதினால் சிக்கல். உயில் எழுதினால் இல்லை. இதை ஊரில் ஒரு வக்கீலிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பத்திர எழுத்தரிடம் வேண்டாம். இன்னொன்று, எஸ்எஃப் 86 இப்போது சொத்து இருக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை. வெளிநாட்டில் அசையாச் சொத்து வரும் என்று எதிர்பார்க்கிறீர்களா என்றும் கேட்கிறது. அப்பா சொல்லிக்கொண்டிருப்பது அந்தக் கேள்விக்குள் வருகிறது. எழுதுங்கள். அதற்காக வாரிசு உரிமையை விட்டுக்கொடுக்கவோ விற்கவோ தேவையில்லை. இரண்டு ஏக்கருக்காக யாரும் நாட்டைக் காட்டிக்கொடுப்பதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

கூட்டு வங்கிக் கணக்குதான் உங்கள் கடிதத்தில் எனக்கு இரண்டாவது கவலை. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்னும் அறிக்கையைத் தாக்கல் செய்தாக வேண்டும். கணக்கில் இருப்பது அப்பா பணம்தான் என்றாலும் உங்கள் பெயர் இருந்தால் அது உங்கள் கணக்கும்தான். அவருடைய ஓய்வுக்காலப் பணம் அதில் வந்து விழுந்திருந்தால் என்றைக்கோ தாண்டியிருக்கும். செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால், கிளியரன்ஸ் படிவத்தில் அந்தக் கணக்கை எழுதும் அதே கையோடு நீங்கள் ஒரு வரி விதியை மீறியதையும் எழுதிக் கொடுக்கிறீர்கள். தாமதமாகச் சரிசெய்ய அமெரிக்க வருமான வரித் துறை வழி வைத்திருக்கிறது. இந்திய வரி தெரிந்த கணக்காளர் ஒருவரைப் பிடித்து, படிவத்தை அனுப்பும் முன் முடித்துவிடுங்கள். வட்டி வருமானத்தை இங்கே காட்டியிருக்கிறீர்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மனைவி பெயரில் கல்யாணத்துக்கு முன் போட்ட வைப்புத்தொகை ஏதாவது இருந்தால் அதுவும் படிவத்தில் வரும். இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரித் தோன்றும். அண்ணனை விட இதுதான் பலரைக் கவிழ்க்கிறது.

மாதம் அனுப்பும் 400 டாலர்? வெளிநாட்டவருக்குப் பண உதவி செய்திருக்கிறீர்களா என்ற கேள்வியின் கீழ் எழுதுங்கள். பெற்றோருக்கு மகன் பணம் அனுப்புவதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

ஓசிஐ கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். உங்கள் நண்பர் சொல்வது பழைய காலத்து அறிவுரை. ஒரு காலத்தில் வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பதே பெரிய குறையாகப் பார்க்கப்பட்டது; அதை ஒப்படைத்தாலோ ரத்து செய்தாலோதான் நிம்மதி. 2017 விதிகள் அதை மாற்றிவிட்டன. இரட்டைக் குடியுரிமைகூட அதனாலேயே தகுதிக் குறைவு அல்ல, மறைப்பதுதான் பிரச்சினை. உங்களுக்கு இரட்டைக் குடியுரிமையும் கிடையாது. இந்தியா அதை ஏற்பதில்லை, அமெரிக்கக் குடியுரிமை எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விட்டது. ஓசிஐ கார்டில் 'குடிமகன்' என்ற சொல் இருப்பதால் புலனாய்வாளர் குழம்பலாம். அது ஆயுள்கால விசா மாதிரி, வாக்குரிமை இல்லை, அரசுப் பதவி இல்லை என்று இரண்டு வரியில் விளக்குங்கள். பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்றிதழ் இருந்தால் நகல் எடுத்து வையுங்கள்.

மனைவி இந்தியக் குடிமகளாக இருப்பது சீக்ரெட் நிலைக்குத் தடை அல்ல. அவருக்கு ஏற்கெனவே குடியுரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடாமல் விண்ணப்பிக்கட்டும். உங்கள் வேலைக்காக மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள். பின்னாளில் டாப் சீக்ரெட், அதற்கு மேல் எஸ்சிஐ (தனியாகப் பிரித்துக் காக்கப்படும் உளவுத் தகவல்களுக்கான அனுமதி) என்று போனால் குடும்பத்தின் குடியுரிமையை இன்னும் கடுமையாகப் பார்ப்பார்கள். அது அப்போது.

நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கிளியரன்ஸுக்கு விண்ணப்பிக்க முடியாது, நிறுவனம்தான் உங்கள் பெயரை அனுப்ப வேண்டும். இடைக்கால கிளியரன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு உறவுகள் இருந்தால் அது பலருக்குக் கிடைப்பதில்லை. கிடைக்கவில்லை என்றால் மனம் உடையாதீர்கள்; அது தீர்ப்பு அல்ல, முழு விசாரணை முடியட்டும் என்பதுதான். அதனால்தான் சொல்கிறேன், இப்போதைய வேலையை விடாதீர்கள். கிளியரன்ஸ் வந்து, சேரும் தேதி எழுத்தில் வந்த பிறகு ராஜினாமா கொடுங்கள். ஆள் எடுக்கும் அதிகாரி "எல்லாம் வந்துவிடும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவருக்கு அந்தக் கோப்பில் எந்த அதிகாரமும் இல்லை.

சந்தேகம் தீரவில்லை என்றால் காரணங்களைப் பட்டியலிட்டு ஒரு கடிதம் வரும். அண்ணன் பெயர் முதல் பத்தியில் இருக்கலாம். ஒப்பந்த நிறுவன ஊழியருக்குப் பதில் சொல்ல 20 நாள். ஒவ்வொரு பத்திக்கும் ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்று தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும். எழுத்திலேயே தீர்க்கலாம், நீதிபதி முன் விசாரணையும் கேட்கலாம். உங்கள் மாதிரி வழக்கில் விசாரணையைக் கேளுங்கள் என்பேன். காகிதத்தில் "அணு மையத்தில் வேலை பார்க்கும் சகோதரர்" என்று பயமுறுத்துவது, நீங்கள் நேரில் உட்கார்ந்து பேசும்போது ஒரு சாதாரணக் குடும்பமாக மாறும். இந்த விசாரணை உரிமையும் சும்மா வந்ததில்லை. 1950களில் கிரீன் என்ற விமானப் பொறியாளரின் கிளியரன்ஸைப் பறித்தார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று அவருக்குக் காட்டவே இல்லை. குற்றச்சாட்டுகளில் விவாகரத்தான மனைவியின் தொடர்புகளும் இருந்தன. 1959இல் உச்ச நீதிமன்றம் அந்த முறைக்கு அதிகாரம் இல்லை என்றது. மறு ஆண்டே ஐசனோவர் போட்ட நிர்வாக ஆணை 10865இன் கீழ்தான் இன்றும் ஒப்பந்த ஊழியர்களுக்கு விசாரணை நடக்கிறது. மறுக்கப்பட்டாலும் மேல்முறையீடு உண்டு, ஓராண்டுக்குப் பின் மறுபடி கேட்கவும் வழி உண்டு.

கிடைத்த பிறகும் வேலை முடியாது. ஊருக்குப் போகும் முன் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் பயணத்தைச் சொல்ல வேண்டும். புதிய வெளிநாட்டுக் கணக்கு, வாரிசாக வரும் நிலம், புதிதாக நெருக்கமாகும் வெளிநாட்டவர் என்று பலவற்றைச் சொல்ல வேண்டும். அண்ணனுக்குப் பதவி உயர்வு வந்தாலும் சொல்லிவிடுங்கள். இப்போது சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுபரிசோதனை என்பது போய், தொடர் கண்காணிப்பு வந்துவிட்டது.

கிடைக்குமா என்று நேராகக் கேட்டீர்கள். கடிதத்தில் உள்ளது மட்டுமே முழுக்கதை என்றால், எஃப்பார் ஒழுங்காக இருந்தால், எதையும் குறைத்து எழுதாவிட்டால், இது ஜெயிக்கக்கூடிய வழக்கு. எளிதானது என்று சொல்ல மாட்டேன். காலம் எடுக்கும். அண்ணனின் வேலை ஆயுதத் தொடர்புள்ளதாக இருந்தால் என் கணிப்பு மாறும். அப்படி இருந்தால் படிவத்தை அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் முழுக் கோப்பையும் காட்டுங்கள்.

இந்த வாரம் இரண்டு வேலை பாருங்கள். பழைய பாஸ்போர்ட்டுகளை எடுத்து ஏழு ஆண்டுப் பயணத் தேதிகளை முத்திரைகளில் இருந்து எழுதுங்கள்; நினைவில் இருந்து எழுதினால் கட்டாயம் தப்பும். அப்புறம் அண்ணனுக்கு வழக்கம்போல போன் செய்து, "எனக்கு வேலைக்காகப் பின்புலச் சரிபார்ப்பு நடக்கப்போகிறது, உன் பெயரும் பதவியும் எழுத வேண்டும், சரியான பதவிப் பெயரைச் சொல்" என்று கேளுங்கள். அது ரகசியம் இல்லை, அம்மாவிடமும் சொல்லலாம். கிளியரன்ஸ் வந்த பிறகு எந்த நிலை, எந்தத் திட்டம் என்று குடும்பக் குழுவில் போடாமல் இருந்தால் போதும்.